ஏலத் தூர் தெரிவும் பெயர்த்து நடவும்

ஏலத் தூர் தெரிவும் பெயர்த்து நடவும் என்பது, தோட்டத்தில் ஏற்கெனவே வேரூன்றிக் காய்த்துக்கொண்டிருக்கும் ஏலச்செடிகளில் சிறந்ததை அடையாளம் கண்டு, அதன் தூரிலிருந்து பக்கக் கன்றுகளைப் பிரித்து வேறிடத்தில் நடும் முறை. போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளிலும், அதன் மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் இது ஏல விவசாயத்தின் முதன்மையான நடவு முறையாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விதைக் கன்றுகளே அதிகம் நடப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் ஞள்ளானி என்னும் தெரிவு உருவானபின் தூர்க் கன்று நடவு பரவியது. இம்மாற்றம் விளைச்சலைப் பல மடங்கு உயர்த்தியது. அதேசமயம் பழைய ஏல வகைகளை மலையிலிருந்து பெருமளவு அகற்றியது.

சொற்கள்

ஏலச்செடியின் அடியிலிருந்து கூட்டமாக எழும் தண்டுகள் சேர்ந்தது தூர். தனித் தண்டை மலையாளம் பேசும் விவசாயிகள் தட்டை என்கின்றனர். தமிழ்த் தொழிலாளர்களிடமும் இச்சொல் புழங்குகிறது. தண்டின் அடியிலிருந்து கிளம்பிப் பூவும் காயும் தாங்கும் நீண்ட பூங்கொத்து சரம் எனப்படும். சிறந்த செடியெனத் தேர்ந்து கன்று எடுக்க ஒதுக்கப்படுவது தாய்த்தூர். காய்ந்த இலைகளையும் முதிர்ந்த தண்டுகளையும் வெட்டி நீக்குவது கவாத்து. காயை உலர்த்தும் கட்டடத்தைப் போடிப் பகுதியில் ஸ்டோர் என்பார்கள்.

செடியின் அமைப்பு

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் எலெட்டாரியா கார்டமோமம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகள் இதன் தாயகம். பார்வைக்குத் தண்டாகத் தெரிவது உண்மையில் இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி உருவான பொய்த்தண்டு. உண்மையான தண்டு மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் கிழங்கு. அக்கிழங்கின் கணுக்களிலிருந்து புதிய தட்டைகள் எழுகின்றன.

இந்த அமைப்பே பெயர்த்து நடவுக்கு அடிப்படை. கிழங்கின் ஒரு துண்டும் அதிலிருந்து எழுந்த தட்டையும் சேர்ந்து தனிச்செடியாகப் பிழைக்கும். அவ்வாறு பிழைத்த செடி தாயின் குணங்களை அப்படியே கொண்டிருக்கும். விதையிலிருந்து வருவது அப்படியல்ல. ஏலப்பூ விடியலில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடுவது. அதன் மகரந்தச் சேர்க்கை தேனீக்களின் உதவியின்றி நடப்பதில்லை. தேனீக்கள் பல தூர்களின் மகரந்தத்தைக் கலப்பதால் ஒரே செடியில் எடுத்த விதைகளும் உயரம், காய் அளவு, சர எண்ணிக்கை ஆகியவற்றில் வெவ்வேறான கன்றுகளைத் தரும்.

ஆகவே நல்ல செடியைப் பெருக்க தூரைப் பிரிப்பதே உறுதியான வழி. புதிய செடியைக் கண்டடைய விதையே வழி. ஏல விவசாயத்தின் வரலாறு இவ்விரண்டு வழிகளுக்கும் இடையே மாறிமாறிச் சென்ற ஒன்று.

காட்டு ஏலம்

மேற்கு மலைகளில் ஏலம் நெடுங்காலம் நடப்படவில்லை, சேகரிக்கப்பட்டது. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூல் இச்செடியை எலெத்தாரி என்ற மலையாளப் பெயரால் குறிப்பிட்டது. 1811இல் டேவிட் ஒயிட் எழுதிய விவரிப்பை ஒட்டி வில்லியம் ஜார்ஜ் மேட்டன் இதற்கு இன்றைய தாவரவியல் பெயரை அளித்தார். எலெட்டாரியா என்ற பேரினப் பெயர் அந்த மலையாளச் சொல்லிலிருந்து வந்தது.

1800-1801இல் தென்னிந்தியாவில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மேற்கு மலைகளில் ஏலம் விளைவிக்கப்பட்ட முறையைப் பதிவுசெய்தார். காட்டில் சிறிய இடத்தைத் தேர்ந்து புதர்களை வெட்டி, பெருமரம் ஒன்றைச் சாய்த்துவிடுவார்கள். சில மாதங்களில் அந்த இடத்தில் ஏலக்கன்றுகள் தானாக முளைக்கும். மரம் விழும் அதிர்ச்சியில் மண் ஏலத்தைப் பிறப்பிக்கிறது என்று மலைமக்கள் நம்பினர். மண்ணில் முன்பே கிடந்த விதைகள், மரம் விழுந்து உண்டான வெளிச்சத்தாலும் மண் கிளறப்பட்டதாலும் முளைத்தன என்பதே இதன் விளக்கம். குடகில் இத்தகைய ஏலத் துண்டுநிலங்கள் மலெ எனப்பட்டன.

இம்முறையில் செடியைத் தெரிவுசெய்தல் என்று ஒன்று இல்லை. காடு முளைப்பித்ததை மனிதர் களையெடுத்துக் காத்தனர். முதுவர், மன்னான் முதலிய பழங்குடிகள் காய் எங்கே நன்றாக விளையும், எப்போது முதிரும் என்பதை அறிந்திருந்தனர். திருவிதாங்கூர் ஆவணங்கள் அறுவடை மாதத்தை ஒட்டிக் கன்னி ஏலம், மகர ஏலம் என்று பகுதிகளைப் பிரித்தன. இவை செடியின் இனத்தைக் குறித்தவை அல்ல, பருவத்தையும் இடத்தையும் குறித்தவை.

திருவிதாங்கூர் முற்றுரிமையும் போடியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் முற்றுரிமைப் பொருளாக இருந்தது. மிளகும் ஏலமும் அரசின் வருவாயில் முக்கிய இடம் வகித்தன. விளைவித்தவர் காயை அரசின் கிடங்குக்கே அளிக்கவேண்டும். விற்பனை விலையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். ஆலப்புழை ஏல விற்பனையின் மையமாக இருந்தது. ஏலக்காயின் தர வகைகள் இன்றும் ‘ஆலப்பி கிரீன்’ என்ற பெயரில் வழங்குவது அக்காலத்தின் எச்சம்.

1869இல் ஏலமலைகள் வனத்துறையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கண்காணிப்பாளரின் கீழ் வந்தன. அப்பொறுப்பை ஏற்ற ஜான் டேனியல் மன்றோ 1877இல் பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றவர். ஏலம் விளைவித்தவர்களில் பெரும்பாலோர் மலையின் கிழக்கே, அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிச்சென்ற தமிழ் விவசாயிகள். மேற்கிலிருந்து ஏலமலையை அடைவதைவிட கிழக்கிலிருந்து அடைவது எளிதாக இருந்தது. போடிமெட்டு, தேவாரம் அருகே சாக்குலத்து மெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய கணவாய்கள் வழியே ஆட்களும் அரிசியும் மேலே சென்றனர். ஏலம் கீழே வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரசு முற்றுரிமையைக் கைவிட்டு நிலவரி முறைக்கு மாறியது. விளைந்த காயை விவசாயி தானே விற்கலாம் என்ற நிலை வந்ததும் ஏலச்செடி பெரிதும் முதலீட்டுக்குரிய பயிராக ஆனது. சேகரிப்பு குறைந்து நடவு பெருகியது. மலையடிவாரத்திலிருந்த போடிநாயக்கனூர் ஏல வணிகத்தின் மையமாக வளர்ந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் இரயில் பாதை திறக்கப்பட்டது. மலைச் சரக்கு நேரடியாக வெளிச்சந்தைக்குச் செல்ல வழி உண்டானது. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. ஏலக்காட்டின் பெரும்பகுதி கேரளத்திலும், அதன் பழைய சந்தையும் தொழிலாளர்களின் ஊர்களும் தமிழகத்திலும் என்ற நிலை அன்றிலிருந்து நீடிக்கிறது.

மூன்று வகைகளும் அடையாளங்களும்

நடவு பெருகியபோது செடிகளைப் பிரித்தறியும் தேவை எழுந்தது. தோட்டக்காரர்களும் பின்னர் ஆய்வாளர்களும் ஏலத்தை மூன்று வகைகளாகப் பகுத்தனர்.

மலபார்: சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். செடி நடுத்தர உயரம் கொண்டது. இலையின் அடிப்புறத்தில் மென்மயிர் இருக்கும். காய் உருண்டை முதல் நீள்உருண்டை வரை. பெயர் மலபார் என்றாலும் இன்று அதிகம் விளைவது கர்நாடகத்தில்.

மைசூர்: சரம் நிமிர்ந்து நிற்கும். செடி உயரமானது, தடித்த தண்டுகளைக் கொண்டது. இலையின் அடிப்புறம் வழவழப்பானது. காய் நீளமானது. பெயர் மைசூர் என்றாலும் இதன் இடம் கேரள, தமிழக உயர்மலைகளே.

வழுக்கை: சரம் முதலில் நிமிர்ந்து பிறகு வளைந்து தொங்கும். செடியின் தோற்றம் மைசூர் வகையை ஒத்தது. முன்னிரண்டு வகைகளும் இயற்கையாகக் கலந்து உருவானது எனக் கருதப்படுகிறது.

இப்பகுப்பின் முதன்மை அடையாளம் சரத்தின் நிலை. ஆகவே சரம் வராத இளங்கன்றை வைத்து வகையைச் சொல்வது கடினம். அப்போது உதவுவது இலையின் அடிப்புறம். விரலால் வருடிப் பார்த்து மயிருள்ளதா வழுவழுப்பானதா என அறியலாம். மலபார் வகையைப் பிரித்தறிய இது போதும். மைசூரையும் வழுக்கையையும் பிரிக்க சரம் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒரே வகைக்குள் ஒரு தெரிவை மற்றொன்றிலிருந்து பிரிக்க சரத்தின் நீளம், கணுவிடை, காயின் வடிவம், நிறம் எல்லாவற்றையும் சேர்த்துக் காணவேண்டும்.

பழந்தோட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. உதிர்ந்த காய்களிலிருந்து விதைகள் முளைத்துத் தூரின் ஓரத்திலேயே வளரும். சில ஆண்டுகளில் அவை தாய்த்தூரோடு பின்னிக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு ஒரே தூராகத் தெரிவது இரண்டு அல்லது மூன்று செடிகளின் கூட்டமாக இருக்கக்கூடும். அதிலிருந்து எடுக்கும் தட்டை எந்தக் கிழங்கைச் சேர்ந்தது என்பதை மண்ணை விலக்கிப் பார்த்தே உறுதிசெய்யமுடியும். கலப்பு நேர்ந்துவிட்டது என்பது, புதிய தோட்டம் காய்க்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

விதையா, தட்டையா

தூரைப் பிரித்து நடுவது விவசாயிகள் நெடுங்காலம் அறிந்திருந்த முறை. சில ஏக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தட்டை வாங்கி நட்டனர். ஆனால் பெருந்தோட்டங்களும் அரசு நாற்றங்கால்களும் விதைக் கன்றையே நாடின. காரணங்கள் இரண்டு. ஒரு தூரிலிருந்து ஒரு முறையில் கிடைக்கும் தட்டைகள் சில மட்டுமே. பல ஏக்கர் நட அவை போதாது. இரண்டாவது காரணம் கட்டே நோய்.

கட்டே என்பது கன்னடச் சொல். இந்நோய் தாக்கிய செடியின் இளம் இலைகளில் வெளிர்பச்சைக் கோடுகள் நரம்புகளுக்கு இணையாகத் தோன்றும். பின்னர் தட்டைகள் மெலிந்து குட்டையாகும், சரங்கள் குறையும், சில ஆண்டுகளில் தூர் பயனற்றதாகும். இதற்குக் காரணம் ஒரு வைரஸ். அதைப் பரப்புவது வாழை அசுவினி. இந்த வைரஸ் விதை வழியாகப் பரவுவதில்லை. கிழங்கு வழியாகப் பரவும். நோயுற்ற தூரிலிருந்து எடுத்த ஒவ்வொரு தட்டையும் நோயைச் சுமந்து செல்லும். தொடக்க நிலையில் தாக்குண்ட தூர் நலமானதுபோலவே தோற்றமளிக்கும் என்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

எனவே விதை பாதுகாப்பானது, ஆனால் சீரற்றது. தட்டை சீரானது, ஆனால் ஆபத்தானது. இந்தக் கணக்கில் 1980கள்வரை பெரும்பாலும் விதையே வென்றது. விதைக் கன்று நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்தபிறகே நடப்படும். நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஒரு தோட்டத்தில் சில தூர்கள் குவித்துக் காய்க்க, அருகில் நின்றவை ஒன்றுமில்லாமல் இலை விரித்து நின்றன. நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 100 கிலோவையும் எட்டவில்லை.

ஆய்வு நிலையங்கள்

1956இல் இடுக்கிப் பகுதியின் பாம்பாடும்பாறையில் ஏல ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இது பின்னர் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டப்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது. வாரியத்தின் ஆய்வுப் பிரிவாக இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978இல் மயிலாடும்பாறையில் நிறுவப்பட்டது. கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையிலும் அதன் கிளை செயல்பட்டது. 1987இல் ஏலக்காய் வாரியம் நறுமணப் பொருட்கள் வாரியத்துடன் இணைந்தது.

இந்நிலையங்கள் தோட்டங்களில் சிறப்பாகக் காய்த்த தூர்களைத் தேடிச் சேகரித்து ஒப்பிட்டன. இவ்வகையில் ஐ.சி.ஆர்.ஐ.-1, ஐ.சி.ஆர்.ஐ.-2, பி.வி.-1 போன்ற தெரிவுகள் வெளியாயின. கர்நாடகத்தில் முடிகெரே-1, குடகின் அப்பங்களா நிலையத்திலிருந்து சி.சி.எஸ்.-1 ஆகியவை வந்தன. தட்டைகளை விரைவாகப் பெருக்கும் முறையையும் ஆய்வு நிலையங்கள் வகுத்தன. நீளமான ஆழமற்ற அகழிகளில் தாய்த்தூரின் பகுதிகளை நெருக்கமாக நட்டு, நீரும் எருவும் நிழலும் தொடர்ந்து அளித்தால் ஒவ்வொரு பகுதியும் ஓராண்டில் 30க்கும் மேற்பட்ட கன்றுகளைத் தரும். விதையை நாடியதற்கான முதல் காரணம் இதனால் வலுவிழந்தது. திசு வளர்ப்பு முறையும் 1980களில் சோதிக்கப்பட்டது. செலவு குறைவு என்பதாலும் தானே செய்துகொள்ளலாம் என்பதாலும் விவசாயிகளிடம் தட்டையே நிலைத்தது.

ஞள்ளானி

பரவலான மாற்றம் விவசாயிகளின் தோட்டத்திலிருந்து வந்தது. இடுக்கி மாவட்டம் கட்டப்பனையைச் சேர்ந்த விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் தோட்டத்து வழுக்கை வகைச் செடிகளைக் கவனித்து நன்கு காய்த்தவற்றைத் தேர்ந்தார். தேன்கூடுகள் வைத்து மகரந்தச் சேர்க்கையைப் பெருக்கி, கிடைத்த விதைகளை முளைக்கவைத்து, அக்கன்றுகளில் மிகச் சிறந்ததை மீண்டும் தேர்ந்தெடுத்தார். அத்தூரைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். 1980களின் பிற்பகுதியில் உருவான இத்தெரிவு அவருடைய வீட்டுப் பெயரால் ஞள்ளானி என்றும் ஞள்ளானி பச்சைத்தங்கம் என்றும் அழைக்கப்பட்டது. போடி வழக்கில் நள்ளானி.

செபாஸ்டியன் ஜோசப்பின் முறை இரண்டு வழிகளையும் இணைத்தது. விதை வழியாக மாறுபாட்டை உருவாக்கினார். தட்டை வழியாக அதில் சிறந்ததை நிலைநிறுத்தினார். ஞள்ளானியின் காய் தடித்தது, அடர்பச்சை நிறமுடையது. ஏழு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு கொண்ட காயே ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’ என்ற உயர்தரத்தில் சேரும். ஞள்ளானியில் அத்தகைய காய்களின் பங்கு அதிகம். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 1,000 கிலோவுக்கு மேல் உலர்காய் கிடைத்தது.

இச்செடி அரசு நாற்றங்கால்களைவிட விவசாயிகளின் கைகள் வழியாகவே அதிகம் பரவியது. தட்டைக்கு விலை உண்டானது. உறவினருக்குக் கொடுப்பது, திருமணத்தொடர்பில் எடுத்துச்செல்வது, தோட்ட வேலைக்குச் சென்றவர் திரும்புகையில் கொண்டுவருவது என எல்லை கடந்து போடிச் சரிவுகளுக்கும் வந்தது. 1990களின் இறுதிக்குள் இடுக்கியின் பெரும்பாலான தோட்டங்களில் ஞள்ளானி இடம்பிடித்தது. இதைப் பின்பற்றி வேறு விவசாயிகளும் தங்கள் தோட்டத்தில் கண்ட தூர்களைப் பெருக்கிப் பெயரிட்டனர். 2001ஆம் ஆண்டின் தாவர இனங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி கண்டறிந்த இனத்தை அவர் பெயரில் பதிவுசெய்ய வழிசெய்தது. அச்சட்டம் வருவதற்குள் ஞள்ளானி பொதுச்சொத்துபோல மலை முழுவதும் பரவிவிட்டிருந்தது.

தாய்த்தூர் தெரிவு

தாய்த்தூரை ஒரே பருவத்தின் விளைச்சலைக் கொண்டு முடிவுசெய்யக்கூடாது என்பது ஆய்வு நிலையங்களும் அனுபவமிக்க விவசாயிகளும் வலியுறுத்தும் விதி. நல்ல நிழல், நீர்க்கசிவு, எருக்குவியல் ஆகியவற்றின் அருகிலுள்ள சராசரிச் செடியும் ஓராண்டு அபாரமாகக் காய்க்கும். அதன் தட்டையை வேறிடத்தில் நட்டால் அந்தக் காய்ப்பு வராது. எனவே தூரில் அடையாளம் கட்டி இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பார்கள். பார்க்கப்படுபவை:

• காய்க்கும் தட்டைகளின் எண்ணிக்கையும் ஒரு தட்டைக்குரிய சரங்களும்
• சரத்தின் நீளம், கணுக்களின் நெருக்கம், ஒரு கணுவில் தங்கும் காய்கள்
• காயின் தடிமன், பச்சை நிறம், உலர்ந்தபின் நிறம் நிற்பது
• பச்சைக்காய்க்கும் உலர்காய்க்கும் உள்ள விகிதம். பொதுவாக ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும்
• கட்டே, அழுகல் நோய்களின் அறிகுறி இல்லாதது. தூர் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தூர்களும் நலமாக இருக்கவேண்டும்

பெயர்த்து நடும் முறை

நடவு மழையை ஒட்டியது. மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்தில் நடுகிறார்கள். போடியை நோக்கிய கிழக்குச் சரிவுகள் அம்மழையின் மறைவில் உள்ளன. அங்கே வடகிழக்குப் பருவமழையும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

நடுவதற்குரிய அலகு, முதிர்ந்த தட்டை ஒன்றும் அதன் அடியில் கிளம்பும் இளமுளை ஒன்றும் சேர்ந்த கிழங்குப் பகுதி. முதிர்ந்தது வேர்பிடிக்கும்வரை உணவளிக்கும், இளமுளை புதிய தூராக வளரும். தூரின் ஓரத்திலிருந்து மண்ணை விலக்கி, கிழங்கு இணையும் இடத்தைக் கண்டு கூரிய கத்தியால் வெட்டுகிறார்கள். தூரின் ஒரு பகுதி எப்போதும் தாய்த்தோட்டத்தில் விடப்படும். பிரித்தெடுத்ததன் பழைய வேர்களும் இலை நுனிகளும் நறுக்கப்படும். இலைகள் குறைந்தால் நீரிழப்பு குறையும்.

குழிகள் முன்பே எடுத்து மேல்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி ஆறப்போட்டிருப்பார்கள். மைசூர், வழுக்கை வகைகளுக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளி. நடவில் நேரும் பெரும்பிழை ஆழம். கிழங்கை ஆழப் புதைத்தால் நீர் தேங்கி அழுகும், புதிய முளைகள் மேலெழா. கிழங்கு மண்மட்டத்தை ஒட்டி இருக்கும்படி, தட்டையைச் சாய்த்து வைத்து, மெல்லிய மண் மூடி, சருகு பரப்புவார்கள். மலைக்காற்றில் தட்டை ஆடினால் புதுவேர் அறும் என்பதால் குச்சி ஊன்றிக் கட்டுவார்கள். இவ்வாறு நட்டது விதைக் கன்றைவிட ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகக் காய்க்கும்.

தொழிலாளர்

பெயர்த்து நடவின் நுட்பங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இவர்களில் பெரும்பகுதியினர் தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் சுற்றுவட்டாரங்களைச் சேர்ந்த தமிழர், அவர்களில் மிகுதியும் பெண்கள். பலர் தலைமுறைகளாக எஸ்டேட்டில் வாழ்பவர்கள். மற்றவர்கள் விடியலில் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். காய் எடுக்கும் பெண்கள் பருவம் முழுக்க சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு தூரின் அடியிலும் குனிந்து அமர்பவர்கள். எந்தத் தூர் தொடர்ந்து காய்க்கிறது, எதில் காய் சிறுத்துவிட்டது, எங்கே இலைக்கோடு தொடங்கியுள்ளது என்பதை முதலில் காண்பவர்கள் அவர்களே. ஏல இனங்களைப் பற்றிய பதிவுகளில் தோட்ட உரிமையாளரின் பெயரும் ஆய்வு நிலையத்தின் பெயரும் உள்ளன. இவர்களின் பங்கு பெயரின்றியே உள்ளது.

மாநில எல்லை இவ்வுழைப்பை அவ்வப்போது தடைசெய்துள்ளது. முல்லைப்பெரியாறு விவகாரத்தில் 2011 டிசம்பரில் எழுந்த பதற்றத்தின்போது தமிழ்த் தொழிலாளர்கள் இடுக்கித் தோட்டங்களிலிருந்து கூட்டமாகக் கீழிறங்கினர். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழிகளில் போக்குவரத்து முடங்கியது. அறுவடைப் பருவமாக இருந்ததால் தோட்டங்களில் காய் எடுக்க ஆளில்லாத நிலை உண்டானது.

விளைவுகளும் விவாதங்களும்

தூர்க் கன்று நடவு இந்திய ஏலத்தின் நிலையை மாற்றியது. 1914ஐ ஒட்டி ஜெர்மானியத் தோட்டக்காரர் ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஏலத்தை அறிமுகம் செய்தார். அந்நாடு பின்னர் இந்தியாவை முந்தி உலகின் முதன்மை ஏல உற்பத்தியாளராக ஆனது. பரப்பை விரிக்க இடமில்லாத ஏலமலைக்கு, இருக்கும் நிலத்தில் விளைச்சலைக் கூட்டுவது மட்டுமே வழியாக இருந்தது. அதைச் சாத்தியமாக்கியது ஞள்ளானியும் அதன் தட்டையும்.

இதன் மறுபக்கமும் விவாதிக்கப்படுகிறது.

இன ஒடுக்கம்: ஒரே தூரிலிருந்து பிரிந்த கோடிக்கணக்கான செடிகள் மரபளவில் ஒரே செடி. ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் அதே வேகத்தில் தாக்கும். ஞள்ளானியை நடுவதற்காகப் பிடுங்கி எறியப்பட்ட பழைய மைசூர், வழுக்கைத் தூர்களில் வறட்சியைத் தாங்கியவையும் நோயைத் தாங்கியவையும் இருந்திருக்கக்கூடும். அவற்றின் விதைத்தொகை ஆய்வு நிலையச் சேகரிப்புகளிலும் சில பழந்தோட்டங்களிலும் மட்டும் எஞ்சியுள்ளது. அடுத்த ஞள்ளானி உருவாகவேண்டிய மாறுபாடு அங்கேதான் உள்ளது.

நோய்ப் பரவல்: முறையான சோதனையின்றி கைமாறிய தட்டைகளுடன் வைரஸ் நோய்களும் கிழங்கழுகலும் நூற்புழுவும் பரவின. நோயற்ற தாய்த்தோட்டத்துக்குச் சான்றளிக்கும் முறை இருந்தாலும் விவசாயிகளிடையேயான கைமாற்றமே பெரும்பங்கு வகிக்கிறது.

நிழலும் நஞ்சும்: உயர்விளைச்சலுக்காக உரமும் பாசனமும் பூச்சிக்கொல்லியும் பெருகின. வெளிச்சம் வேண்டி நிழல் மரங்கள் கழிக்கப்பட்டன. பூச்சிக்கொல்லித் தெளிப்பு தேனீக்களை அழிக்கிறது. தேனீ இல்லையேல் ஏலப்பூ காயாகாது.

நில உரிமை: 1897ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் அறிவிப்பில் ஏலமலைக் காப்பகத்தின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு நீண்டகாலமாக நடக்கிறது. தூரைப் பெயர்த்து மறுநடவு செய்யும் விவசாயியின் முதலீடு இத்தீர்ப்பைச் சார்ந்துள்ளது.

இன்றைய நிலை

2007இல் போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல விற்பனை தொடங்கியது. இரு ஊர்களிலும் மாறிமாறி விற்பனை நடக்கிறது. 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கியின் தோட்டங்கள் பெரும் சேதமடைந்தன. அழுகல் நோய் பெருகியது. காய் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. விலையைக் கண்டு தட்டை வாங்கிப் புதிதாக நட்டவர்கள் பலர். அவை காய்க்கத் தொடங்கிய ஆண்டுகளில் விலை பெருமளவு சரிந்திருந்தது. 2024 கோடையின் வெப்பத்திலும் வறட்சியிலும் பல தோட்டங்களில் தூர்கள் கருகின.

கருகிய இடங்களில் மறுநடவு நடைபெற்று வருகிறது. வறட்சியில் பிழைத்து நின்ற தூர்களை அடையாளம் கட்டிக் கவனித்து, அவற்றிலிருந்து தட்டை எடுக்கவேண்டும் என்ற கருத்து விவசாயிகளிடையே வலுப்பெற்றுள்ளது. விளைச்சலை மட்டுமே அளவாகக் கொண்டு தாய்த்தூரைத் தேர்ந்த முறையில் இது ஒரு மாற்றம். 2023 ஜூனில் அகலப்பாதையாக மாற்றப்பட்ட போடி இரயில் பாதையில் மீண்டும் போக்குவரத்து தொடங்கியது. ஏலக்காயின் தரம்பிரிப்பும் வணிகமும் போடியின் முதன்மைத் தொழில்களாகத் தொடர்கின்றன.